புள்ளி தனியாக இருந்தால் கோலம் ஆகுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: கலையும் பொழுதுபோக்கும் மனத்துக்கு நிறைவு தருவது தனித்துச் செய்வதிலா? கூடிச் செய்வதிலா? - ‘கூடிச் செய்வதிலே’ என்ற அணியில் நிகழ்த்திய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எனக்குத் துணையாக அமர்ந்திருக்கும் எங்கள் அணி நண்பர்களே! ‘தனிமைதான் இனிமை, கூட்டமே தேவையில்லை’ என்று பத்து நிமிஷம் முழங்கிவிட்டு, உட்கார்ந்த உடனே ‘கைதட்டல் வருதா?’ என்று கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்த எதிரணி நண்பர்களே! (சிரிப்பு, கைதட்டல்) தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

ஐயா, எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். ‘மனுஷனுக்குள்ளே ஒரு ஊற்று இருக்கு, அது தனிமையிலேதான் கண் திறக்கும், கூட்டம்னா சத்தம், சத்தம்னா சண்டை, அதனாலே கதவைச் சாத்திக்கிட்டு வரை, எழுது, பாடு, நிறைவு தானா வரும்’ என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐயா, நான் ஒரு கணக்கு டீச்சர். போட்டுப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் சொன்னதையும் போட்டுப் பார்த்துவிடுவோம்.

போட்டுப் பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டாம். நம்ம வீட்டு வாசலுக்கு வந்தால் போதும்.

கோலம்! தமிழ்நாட்டிலே எத்தனையோ லட்சம் பெண்கள் தினமும் செய்கிற கலை. அதற்குச் சபா கிடையாது, டிக்கெட் கிடையாது, பொன்னாடை கிடையாது. விடியற்காலையிலே எழுந்து, வாசல் தெளித்து, குனிந்து, இரண்டு விரலுக்கு நடுவிலே மாவை எடுத்து இழுக்கிறோமே, அந்த நேரத்திலே பக்கத்திலே யாராவது இருக்கிறார்களா? இல்லை. தனியாகத்தான் போடுகிறோம். எதிரணிக்காரர்கள் இப்போதே சிரிக்கிறார்கள், ‘அம்மா நம்ம பக்கம் வந்துட்டாங்க’ என்று. (சிரிப்பு) கொஞ்சம் பொறுங்க!

அந்தக் கோலத்தை ஏன் வாசலிலே போடுகிறோம்? எனக்கு மட்டும் நிறைவு போதும் என்றால் படுக்கை அறையிலே போட்டுக்கொள்ளலாமே! கட்டிலுக்கு அடியிலே போட்டால் யாரும் மிதிக்கக்கூட மாட்டார்கள்! (சிரிப்பு) தெருவைப் பார்த்துப் போடுகிறோம். போகிறவர் பார்க்கட்டும், வருகிறவர் பார்க்கட்டும் என்று போடுகிறோம். அரிசி மாவிலே போட்டால் எறும்பு வந்து சாப்பிடட்டும் என்றும் சொல்லி வைத்தார்கள். இது யார் வீட்டு மாவு என்று எறும்பு விசாரிக்கிறதில்லை. பாருங்க, தன்னந்தனியாகப் போட்ட கோலத்துக்கே எத்தனை விருந்தாளிகள்!

இன்னொரு விஷயம். எங்கள் அம்மா எனக்கு ஒரு நோட்டு கொடுத்தாங்க. நாற்பது பக்க நோட்டு. பள்ளிக்கூடத்திலே நாம் எழுதுவோமே, அந்தக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. முழுக்கக் கோலம். நான் கணக்கு டீச்சர் ஆனதுக்கே அந்த நோட்டுத்தான் காரணம் என்று சொல்வேன். 15 புள்ளி வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைத்து, ஊடுபுள்ளியாக 8-லே நிறுத்தணும் என்றால் மொத்தம் எத்தனை புள்ளி என்று ஆறு வயசிலே விரல்விட்டு எண்ணியவள் நான். (கைதட்டல்)

அந்த நோட்டை அம்மா ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம், தனியா உட்கார்ந்துதான் எழுதியிருக்காங்க. ஆனால் ஒவ்வொரு கோலத்துக்குக் கீழேயும் சின்ன எழுத்திலே ஒரு வரி இருக்கும். ‘மேலத்தெரு பாட்டி சொன்னது.’ ‘வளையல்காரம்மா போட்டுக் காட்டியது.’ ‘சின்ன நாத்தனார் சீமந்தத்துக்கு வந்தபோது எழுதினது.’ ஒரு கோலத்துக்குக் கீழே, ‘பஸ்ஸிலே பக்கத்திலே உட்கார்ந்து வந்த அம்மா, டிக்கெட்டுக்குப் பின்னாலே போட்டுக் கொடுத்தது’ என்று இருக்கிறது. அந்த டிக்கெட்டும் அங்கேயே ஒட்டியிருக்கிறது! நாற்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன் ஐயா. ‘நானே நினைச்சது’ என்று ஒரே ஒரு கோலம்தான் இருக்கிறது. அதுக்குக் கீழேயும் என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ‘எதிர்வீட்டு அக்கா நல்லா இருக்குன்னு சொன்னா.’ (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவரே, ஊற்று உள்ளேதான் இருக்கிறது, நானும் மறுக்கவில்லை. ஆனால் ஊற்றுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? பக்கத்து வயலிலே பெய்த மழையிலேயிருந்து வருகிறது!

இந்தக் கோலத்தைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. தாம்பரத்திலே சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோன்மணி. அவரும், ராணி சிரோன்மணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்தைக் கணித ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி, படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமா என்று பார்த்த ஆராய்ச்சி அது. கம்ப்யூட்டரிலே படம் எழுதுகிற இயலுக்கு நம்ம வாசல் கோலம் உதாரணமாகப் போனது. அந்த ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த கோலங்களை முதன்முதலிலே போட்டது யார்? பெயர் தெரியாது. ஏனென்றால் கோலத்துக்குக் கீழே யாரும் கையெழுத்துப் போடுகிறதில்லை. ஒரு தெரு இன்னொரு தெருவுக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்து வந்தது. தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், அம்மா போன அன்றைக்கே அம்மாவின் கோலமும் போயிருக்கும்!

அடுத்து, எதிரணியிலே இரண்டாவதாகப் பேசிய தம்பி கணித மேதை ராமானுஜனைக் கொண்டுவந்து நிறுத்தினார். கணக்கு டீச்சரை மடக்கவேண்டும் என்று திட்டம் போட்டே வந்திருக்கிறார். (சிரிப்பு) ‘காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டிலே போட்டு, முழங்கையாலே அழித்து, தனியாகவே சாதித்தார்’ என்றார். தம்பி, கதையைப் பாதியிலே நிறுத்திட்டீங்களே! 1912-ஆம் வருஷம் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்திலே குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்தவர் நாராயண ஐயர், கணக்கிலே ஈடுபாடு உள்ளவர். ராத்திரியிலே இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் தாவித் தாவிப் போகிற இடத்திலே, ‘நடுவிலே உள்ள படிகளையும் எழுதப்பா’ என்று கேட்க ஒரு மனுஷன் பக்கத்திலே இருந்தார். அதற்குப் பிறகு 1913 ஜனவரியிலே, கடல் தாண்டி கேம்பிரிட்ஜிலே இருந்த ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். தனிமையே போதும் என்றால் அந்தக் கடிதம் எதற்கு? ‘நான் கண்டுபிடிச்சதைப் பார்க்க, புரிஞ்சுக்க ஒரு ஆள் வேணும்’ என்கிற தவிப்பு, எப்பேர்ப்பட்ட மேதைக்கும் உண்டு ஐயா! (கைதட்டல்)

‘அதெல்லாம் மேதைகள் கதை, சாதாரணப் பொழுதுபோக்குக்கு எதுக்கம்மா கூட்டம்?’ என்று கேட்பார்கள். திருநெல்வேலிக்கு வாங்க. ரசிகமணி டி.கே.சி. வக்கீலுக்குப் படித்தவர். கவிதையைச் சுவைப்பது அவருடைய மூச்சு. கம்பராமாயணத்தை எடுத்து மூலையிலே உட்கார்ந்து தனக்குள்ளேயே படித்து மகிழ்ந்திருக்கலாம். செய்தாரா? தன் வீட்டிலே நண்பர்களைக் கூட்டினார். வட்டமான முற்றத்திலே உட்கார்ந்ததாலே அந்தக் கூட்டத்துக்கே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் வந்தது. பாட்டைச் சொல்லி, விளக்கி, அனுபவித்து, எல்லோருமாகச் சுவைப்பார்கள். நீதிபதி மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றவர்கள் அந்த வட்டத்திலே இருந்தவர்கள். டி.கே.சி. 1954-இல் மறைந்தார். இன்றைக்கும் அவரைப் பேசும்போது அந்த வட்டத்தையும் சேர்த்துத்தானே பேசுகிறோம்?

காரைக்குடியிலே சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கினார். பட்டிமன்றம் என்கிற இந்த மேடை ஊர் ஊராகப் பரவியதிலே அந்தக் கம்பன் விழாவுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிரணி நண்பர்களே, நீங்கள் தனிமையின் பெருமையைப் பேசுவதற்கே, கூட்டம் சேர்த்தவர்கள் போட்ட மேடைதான் தேவைப்பட்டிருக்கிறது! (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

மயிலாப்பூரிலே பாபநாசம் சிவன் இருந்தார். கச்சேரி மேடையும் சினிமாவும் அவர் பாட்டைத் தேடி வந்தன. ஆனாலும் மார்கழிக் குளிரிலே, விடியற்காலையிலே, மாடவீதியைச் சுற்றிப் பஜனை பாடிக்கொண்டு பல வருஷம் நடந்தார். பின்னாலே சங்கீதம் தெரிந்தவர்களும் நடந்தார்கள், தெரியாதவர்களும் நடந்தார்கள். சுருதி சேராத குரலும் அந்தக் கூட்டத்திலே சேரும்! என்னை மாதிரி பாட்டு வராதவளுக்கு வேறு எங்கே ஐயா இடம் கிடைக்கும்? (சிரிப்பு)

இப்போது நடுவர் அவர்கள் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். (சிரிப்பு) ஐயா, ஒரே ஒரு விஷயம். என் வாழ்க்கையிலே கண்ணாலே பார்த்தது. அதைச் சொல்ல விடுங்க. (நடுவர்: சொல்லுங்கம்மா, சொல்லுங்க.)

எங்கள் தெருவிலே ஒரு பெரியம்மா இருக்காங்க. எழுபது வயசு தாண்டியவங்க. பிள்ளைகள் வெளியூரிலே. நெளிக்கோலம் போடுவதிலே அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. கம்பி எங்கே ஆரம்பிச்சது, எங்கே முடிஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியாது. அவங்க வீட்டுக்காரர் காலமானார். அன்றைக்கு நின்ற கோலம், நின்றதுதான். ஒரு வருஷம் ஆனது. அந்த வாசல் வெறும் வாசலாகவே கிடந்தது. யாரும் ‘போடாதே’ என்று அவங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமலே ஊர் வழக்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது பாருங்க, அது கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

அவங்க வீட்டுக்குள்ளே நோட்டிலே போட்டுக்கொண்டுதான் இருந்தாங்க. எதிரணி சொல்கிற மாதிரி, தனியாக, அமைதியாக. நான் ஒருநாள் போய்ப் பார்த்தபோது, ‘கோலம் எல்லாம் வருது டீச்சர், ஆனா மனசுக்கு ஒண்ணும் ஒட்டலை’ன்னாங்க. எதிரணி நண்பர்களே, தனிமை, கலை, அமைதி மூன்றும் அவங்களிடம் இருந்தது. நிறைவு எங்கே போச்சு?

அடுத்த மார்கழி வந்தது. எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் பேசி வைத்துக்கொண்டோம். முதல் நாள் ஒருத்தி அவங்க கேட்டுக்கு முன்னாலே நின்று, ‘பெரியம்மா, 21 புள்ளி, இடது மூலையிலே கம்பி சிக்கிக்குது, வந்து சொல்லுங்களேன்’னா. பெரியம்மா கேட்டுக்கு உள்ளே நின்றபடியே வழி சொன்னாங்க. இரண்டாம் நாள் கேட்டுக்கு வெளியே வந்து சொன்னாங்க. மூன்றாம் நாள், ‘நீ இழுக்கற லட்சணம் சகிக்கலைடி, கொண்டா இங்கே!’ என்று மாவுக் கிண்ணத்தைப் பிடுங்கிக் குனிஞ்சாங்க பாருங்க... (பலத்த கைதட்டல்)

தெருவிலே ஒருவர் முணுமுணுத்தார். ‘இவங்க கையாலே போடலாமா?’ என்றார். அதற்கு எங்கள் தெருக்கோடியிலே இட்லிக் கடை வைத்திருக்கிற அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. ‘அந்தக் கை போடாமத்தான் இந்தத் தெரு ஒரு வருஷமா மூளியா கிடந்துச்சு.’ அதோடு பேச்சு முடிந்தது. தனி ஒருத்தி அந்த வழக்கத்தை எதிர்த்து நிற்க முடியாது ஐயா. ஒரு தெரு சேர்ந்தால் முடியும். மறுநாளிலிருந்து அவங்க வாசலிலே தினமும் கோலம்.

கதை இங்கே முடியவில்லை. அதற்கு அடுத்த வருஷம், ஒரு வேலை நாள், காலை ஏழு மணி. பால் வாங்கப் போன பெண் ஓடி வந்து சொன்னாள்: ‘பெரியம்மா வாசல்லே கோலம் இல்லே.’ அவ்வளவுதான். யாரும் யோசிக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. ஆட்களைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தால், குளியலறையிலே வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாங்க. நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் ஆகி, தேறி, இன்றைக்குக் கைத்தடியோடு வாசலுக்கு வந்து, நாற்காலியிலே உட்கார்ந்துகொண்டு எங்களை வேலை வாங்குறாங்க! (கைதட்டல்)

யோசித்துப் பாருங்க. வாசல் வெறுமையாகவே கிடந்த அந்த வருஷத்திலே விழுந்திருந்தால், எங்களுக்கு எப்படித் தெரியும்? தினமும் கோலம் இருந்தாலல்லவா, ஒருநாள் இல்லாதது கண்ணிலே படும்? பள்ளிக்கூடத்திலே காலையிலே நான் அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன். தெருவுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பது கோலம்! ‘நான் இருக்கேன், எழுந்துட்டேன், நல்லா இருக்கேன்’ என்று ஒவ்வொரு வீடும் கையைத் தூக்குகிறது. அதனாலேதான் சொல்றேன், தாய்மார்களே, அந்த ஸ்டிக்கர் கோலத்தை மட்டும் நம்பாதீங்க. அது 365 நாளும் அப்படியே இருக்கும். வீட்டிலே ஆள் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

‘இதெல்லாம் பழைய தெரு வாழ்க்கை. அடுக்குமாடியிலே, ஊரைவிட்டுப் போன இடத்திலே எப்படி நடக்கும்?’ என்று கேட்கலாம். 2020-இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டுக்குள்ளே பூட்டிப் போட்டதே, அப்போதும் காலையிலே கோலம் போட வெளியே வருகிற அந்த ஐந்து நிமிஷத்திலே, ஆளுக்கொரு வாசலில் நின்று, முகமூடியோடு, ‘காய்ச்சல் எதுவும் இல்லையே?’ என்று விசாரித்துக்கொண்டோம். அதே நோய்க் காலத்திலே, 2021 ஜனவரியிலே அமெரிக்காவிலே என்ன நடந்தது? சென்னையிலே பிறந்து, அங்கே படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அங்கே துணை அதிபராகப் பதவி ஏற்றார். அதற்கு வரவேற்பாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அவரவர் வீட்டிலே, ஆளுக்கொரு துண்டு அட்டையிலே கோலம் போட்டார்கள். தமிழர் மட்டுமில்லை, கோலம் என்றால் என்ன என்றே அதுவரை தெரியாதவர்களும், குழந்தைகளும் போட்டார்கள். பாதுகாப்புக் காரணத்தாலே நேரிலே கொண்டுபோய் வைக்க முடியவில்லை. ஆனாலும் எல்லாத் துண்டையும் சேர்த்து ஒரே கோலமாக வீடியோவிலே உலகத்துக்குக் காட்டினார்கள். வீடு பூட்டியிருந்தது, கை பூட்டியிருக்கவில்லை!

எதிரணி நண்பர்களே, ஒன்றை மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பழகுகிற நேரம் தனிமை வேண்டும். விரல் நடுங்கி நடுங்கி வழிக்கு வருவதற்கு யாரும் பார்க்காத ஒரு மூலை வேண்டும். கூட்டத்திலே பொறாமை வரும், போட்டி வரும், ‘அவ கோலத்தைவிட என் கோலம் பெரிசு’ என்று சண்டைகூட வரும். வந்திருக்கிறது! (சிரிப்பு) ஆனால் அந்தச் சண்டை போட்ட எதிர்வீட்டுக்காரிதான் அன்றைக்கு ஆஸ்பத்திரியிலே ராத்திரி முழுக்கக் கண் விழித்தாள். கதவைச் சாத்திக்கொண்டால் சண்டை வராதுதான். அந்தக் கதவைத் தட்டவும் ஆள் வராது!

நெளிக்கோலத்தைக் கவனிச்சுப் பாருங்க ஐயா. புள்ளி அசையாது. தன் இடத்திலே தனியாகத்தான் இருக்கும். கம்பி அந்தப் புள்ளியை மிதிக்காது, அழிக்காது. சுற்றி வளைத்து, பக்கத்துப் புள்ளியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போகும். நாம் கேட்கிற கூட்டமும் அப்படிப்பட்டதுதான். உங்கள் தனித்தன்மையை யாரும் அழிக்க வரவில்லை. உங்களையும் சேர்த்துக்கொள்ளத்தான் வருகிறோம். புள்ளி மட்டும் தனித்தனியாக வைத்துவிட்டு எழுந்து போனால் அதை யாராவது கோலம் என்பார்களா? ‘பாவம், பாதியிலே போயிட்டாங்க’ என்றுதான் சொல்வார்கள்.

எனவே நடுவர் அவர்களே, தையலோ, தோட்டமோ, பாட்டோ, பஜனையோ, படிக்கிற பழக்கமோ, எதுவாக இருந்தாலும் அதைப் பீரோவிலே வைத்துப் பூட்டாதீர்கள் என்று இந்த மேடையிலிருந்து எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்குக் காலையிலே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ‘இதைப் போட்டிருக்கேன், பாருங்களேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவங்களிடமும் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும். கேட்க ஆள் இல்லாமல் காத்துக்கொண்டிருப்பாங்க.

கலையும் பொழுதுபோக்கும் மனத்துக்கு நிறைவு தருவது கூடிச் செய்வதிலே, கூடிச் செய்வதிலே, கூடிச் செய்வதிலேயே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)